மூன்றாம் எழுத்து

தைபர் ஆற்றில் வெள்ளம். மாட்டுச் சந்தை கூடவில்லை.
இரண்டு மூட்டை உப்பைக் கழுதைமேல் ஏற்றி
அரைநாள் நடந்து வேயி நகரத்துச் சூளைக்கு வந்தான்
காவியுஸ், உரோமைக்காரன்,
முழங்கால்வரை சேறு.
போன மாதம் சொல்லிவைத்த கிண்ணத்துக்காக.

கிண்ணம் ஆறியிருந்தது.
புகையைப் பூட்டிவைத்துச் சுட்டதில்
உள்ளும் புறமும் காக்கைக் கறுப்பு.
வடிவம் கொரிந்து நகரத்தது.
வனைந்த பிலோந்தாஸ் அங்கிருந்து கப்பலில் வந்தவன்,
காய்ச்சலில் பத்து நாள் தங்கியவன்,
ராம்தாவைக் கண்டபின் பதினேழு வருடம்.
மண் எத்ருஸ்க மண். எழுத்து ராம்தாவின் கை.
ஈரம் காயுமுன், வலமிருந்து இடமாக
அவள் கீறியிருந்தாள்:
மி குலிக்னா காவியெஸ்.

"என்ன சொல்கிறது?"
"நான் காவியுஸின் கிண்ணம் என்கிறது.
எங்கள் ஊரில் பாத்திரங்கள் தாமே பேசும்."
"நான் குடிக்கும்போதுமா?"
"அப்போது நீ பேசுவாய். அது கேட்கும்."

அவன் சிரிக்கவில்லை.
என் பெயர் அதுவல்ல என்றான்.
காவியுஸ் அல்ல, காவியுஸ்.

இங்கே நான் மாட்டிக்கொள்கிறேன்.
அவன் சொன்னது 'கல்'லில் இருக்கும் க அல்ல,
'சங்கு'க்குள் உருளும் க.
எனக்கும் அதற்கென்று தனி எழுத்து இல்லை.
காலும் கங்கையும் என் மொழியில்
ஒரே வாசல் வழியே நுழைகின்றன.

ராம்தா திரும்பச் சொன்னாள்: காவியுஸ்.
"இல்லை."
காவியுஸ்.
"இல்லை, இல்லை."
கதவைத் தட்டுவதுபோலவே வந்தது ஒவ்வொரு முறையும்.
"உன் மனைவி பெயர்?"
"காவியா."
"மகள்?"
"காவியா. இளையவளும்."
"ஒரு வீடு முழுக்க ஒரே பெயர்.
அதில் ஓர் ஒலி குறைந்தால் யாருக்கு நட்டம்?"

அவன் கழுதையின் கயிற்றை அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.
"எங்கள் குன்றில் கோயில் எழுகிறது.
கூரைமேல் நிற்கும் தெய்வங்கள் உங்கள் சூளையில் வெந்தவை.
அங்கியின் சிவப்புக் கரை உங்களுடையது.
திராட்சைக் கொடி இந்தக் கிரேக்கனுடையது.
எழுத்தும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.
பெயர் மட்டும் என் அப்பன் கூப்பிட்டது."

சக்கரத்தடியில் பிலோந்தாஸ் தலை நிமிரவில்லை.
மெதுவாகச் சொன்னான்:
அந்த மூன்றாம் எழுத்து எங்களிடமிருந்து போனதுதான்.
எங்கள் ஊரில் அது உருளும்.

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

பதில் இல்லை. சக்கரம் மட்டும் தன் வேகத்தில் ஓய்ந்தது.
அவன் தாயின் பெயர் க்லவ்கே.
ராம்தா அவளுக்காக மது ஊற்றும் ஒவ்வொரு வருடமும்
அதைத் தட்டித்தான் கூப்பிட்டிருக்கிறாள்,
அவன் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.

அவள் எழுந்து போனாள்.
மண் அப்பிய இரு விரல்களை
அவன் தொண்டைக்குழியில் வைத்தாள்.
"உன் அம்மாவின் பெயரைச் சொல்."
சொன்னான்.
"இன்னொரு முறை."
விரலடியில் தேனீ ஒன்று முனகியது.
தன் தொண்டையில் வைத்துப் பார்த்தாள்.
அங்கே அமைதி.

காவியுஸ் இடுப்புக் கத்தியை எடுத்தான்.
சுட்ட மண் கீறப் பிடிவாதம் செய்தது.
வளைந்த அந்த எழுத்தின் கீழ்முனையில்
நகமளவு ஒரு வால்.
அதைப் படிக்க உலகில் மூன்று பேர்.
அவனோ எழுத்தறியாதவன்.
உப்பை இறக்கிவிட்டு, மழை விடாத பாதையில்
கிண்ணத்தை அக்குளுக்குள் வைத்துப் போனான்.

அவன் ஊர் எழுத்துக்கு உண்மையிலேயே வால் முளைக்க
இன்னும் சில நூறு ஆண்டுகள்.
அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று
நான் சாதிக்க மாட்டேன்.

அன்றிரவு சூளையருகே
ராம்தா தனியாக முயன்றுகொண்டிருந்தாள்.
க்லவ்கே. க்லவ்கே.
எந்த முறை சரியாக வந்தது என்று
என் எழுத்தால் காட்ட முடியவில்லை.
உங்கள் விரலைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.